அ பிரிவு 56.2, ஆ பிரிவு 49.5: இந்த வித்தியாசத்தை நம்பலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும். பத்தாம் வகுப்பு அ, ஆ இரண்டு பிரிவுக்கும் நீங்களே கணக்குப் பாடம் எடுக்கிறீர்கள். ஜூன் மாதத்திலிருந்து அ பிரிவில் மட்டும் தினமும் ஐந்து நிமிட ஸ்லிப் டெஸ்ட் வைத்தீர்கள். காலாண்டுத் தேர்வில் அ பிரிவில் 38 பேர் எழுதி சராசரி 56.2, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 17. ஆ பிரிவில் 40 பேர் எழுதி சராசரி 49.5, திட்ட விலக்கம் 21. இது ஸ்லிப் டெஸ்டின் பலன்தானா, எந்தச் சோதனை போட்டுப் பார்ப்பது, எக்ஸலிலேயே முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, மாலையில் தங்கிப் படித்த 10 பேரின் முன் தேர்வு, பின் தேர்வு மதிப்பெண்களையும் கொடுத்து, அதற்கும் வழி கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸலிலேயே முடியும். சோதனையும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்தச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்க முடியுமா? வித்தியாசம் எதனால் வந்தது என்பதை அது சொல்லாது. அதை, மதிப்பெண் எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எம்.எட். ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு மனம் வலிப்பது இந்த இடத்தில்தான். சோதனையைச் சரியாகப் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் மார்க் பட்டியலைத் திறந்து ‘ஆப்சென்ட்’ ஆனவர்களுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அ பிரிவின் வருகைப் பதிவேட்டில் 40 பேர் என்கிறீர்கள், எழுதியது 38. வராத இரண்டு பேருக்கும் 0 என்று அடித்திருந்தால் சராசரி 56.2-லிருந்து 53.4-க்கு இறங்கிவிடும். திட்ட விலக்கம் 17-லிருந்து 20.7-க்கு ஏறிவிடும். இரண்டே இரண்டு சுழியம், பிரிவின் முகத்தையே மாற்றிவிடுகிறது. எக்ஸல் காலியாக விட்ட கட்டத்தையும் எழுத்து உள்ள கட்டத்தையும் சராசரியில் சேர்க்காது. 0 போட்டால் சேர்த்துவிடும். வராதவர் மதிப்பெண் பூஜ்யம் இல்லை, நமக்குத் தெரியாத ஒன்று. காலியாக விடுங்கள். எத்தனை பேர் வரவில்லை என்பதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு பிரிவில் தடுமாறும் பிள்ளைகளாகப் பார்த்து வராமல் இருந்தால், அந்தப் பிரிவின் சராசரி தானாகவே உயர்ந்து தெரியும்.

அடுத்து, ஒரு தாளில் 0–9, 10–19, 20–29 என்று பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு போடுங்கள். நேர்க்கோட்டுக் குறி போட்டு அட்டவணை தயாரிக்க நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, அதேதான். மூன்று விஷயங்கள் கண்ணில் படலாம். 30–39 கட்டத்தை மட்டும் ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் பிரித்துப் பாருங்கள்; தேர்ச்சி மதிப்பெண்ணான 35-ல் ஒரு குவியலும் 32, 33, 34-ல் வெற்றிடமும் இருந்தால், திருத்தியவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த எண்களை அளவீடாக நம்ப முடியாது. 90-க்கு மேல் பாதிப் பேர் என்றால் வினாத்தாள் எளிது, நன்றாகப் படிப்பவர்களுக்குள் இருக்கும் வேறுபாடு மறைந்துவிட்டது. நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடுகள் தெரிந்தால் உள்ளே இரண்டு வகை மாணவர்கள் இருக்கிறார்கள், 49.5 என்ற சராசரி அவர்களில் யாருடைய நிலையையும் காட்டாது. உங்கள் ஆ பிரிவின் திட்ட விலக்கம் 21 என்பதால் அங்கே இதைக் கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது வேலை, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: அதே பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக் கணக்கு மதிப்பெண்ணை எடுத்து, இரண்டு பிரிவின் சராசரியையும் பாருங்கள். பிரிவு பிரிக்கும்போது யாரும் குலுக்கல் போடுவதில்லை. பயிற்று மொழி, சேர்ந்த வரிசை, சில இடங்களில் மதிப்பெண் என்று ஏதோ ஒரு காரணத்தால் பிரிகிறார்கள். போன ஆண்டே அ பிரிவுப் பிள்ளைகள் 5 மதிப்பெண் முன்னால் இருந்திருந்தால், இப்போதைய 6.7-இல் பெரும்பங்கு பழைய பாக்கி. அப்படி இருந்தால் நேரடியாகக் காலாண்டு மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டாம். பழைய மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ‘அன்கோவா’ என்ற முறை இருக்கிறது. ஜமோவி என்ற இலவச மென்பொருளில் அதைச் சுலபமாகப் போடலாம். இப்போதைக்கு இரண்டு பிரிவும் ஒன்பதாம் வகுப்பில் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சரி, இப்போது சோதனை. இரண்டு பிரிவிலும் வெவ்வேறு மாணவர்கள். ஆகவே இது சார்பற்ற இரு குழுக்களுக்கான டி சோதனை. அதன் உள்ளே நடப்பது பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அப்பாற்பட்டது இல்லை. 38 பேரின் சராசரி ஒரு நிலையான எண் அல்ல. இதே தரத்தில் வேறு 38 பேர் எழுதியிருந்தால் சற்றே வேறு சராசரி வந்திருக்கும். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதற்குத் திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அ பிரிவுக்கு 17-ஐ 38-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.76. ஆ பிரிவுக்கு 21-ஐ 40-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.32. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.32. இதுதான் வித்தியாசத்தின் திட்டப்பிழை. 6.7-ஐ 4.32-ஆல் வகுத்தால் டி மதிப்பு 1.55, அதாவது வித்தியாசம் அதன் திட்டப்பிழையைப் போல ஒன்றரை மடங்கு.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் திட்ட விலக்கம் காணும்போது உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். இங்கே எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும், 38 பேர் என்றால் 37. எக்ஸலில் இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன், எஸ்.டி.டெவ்.எஸ் என்று ‘எஸ்’ஸில் முடிவதை எடுங்கள், ‘பி’யில் முடிவதை வேண்டாம். 40 பேருக்குப் பெரிய மாற்றம் வராது, 10 பேருக்கு வரும்.

எக்ஸலில் நேரடியாகப் போட டி.டெஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது நான்கு விவரம் கேட்கும்: முதல் பட்டியல், இரண்டாவது பட்டியல், எத்தனை வால், என்ன வகை. வால் 2 என்று கொடுங்கள். அ பிரிவு முன்னால் போகவும் வாய்ப்புண்டு, பின்தங்கவும் வாய்ப்புண்டு என்று இரண்டு பக்கமும் பார்ப்பதுதான் நேர்மை; மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு ஒரு வாலுக்கு மாறினால் பி மதிப்பு (இந்த ஃபங்ஷன் தரும் விடை, அதன் பொருளைக் கீழே சொல்கிறேன்) பாதியாகிவிடும், அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வகைக்கு 3 கொடுங்கள். 1 என்றால் இணை மதிப்பெண்கள் (ஒரே மாணவர் இரண்டு தடவை எழுதியவை), 2 என்றால் இரு பிரிவின் சிதறலும் சமம் என்ற அனுமானம், 3 என்றால் அந்த அனுமானம் இல்லாதது. மூன்றாவதை வெல்ச் சோதனை என்பார்கள். உங்கள் சிதறல் 17, 21 என்று வேறுபடுகிறது, அதனால் 3. சிதறல் சமமாகவே இருந்தாலும் 3 போடுவதால் நஷ்டம் அநேகமாக இல்லை. பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

விடையாகப் பி மதிப்பு சுமார் 0.125 என்று வரும். இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஸ்லிப் டெஸ்டால் எந்த மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இப்படி இரண்டு குழு எழுதினால், ஏதோ ஒரு பக்கம் 6.7 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் எட்டுத் தடவைக்கு ஒரு தடவை தானாகவே வரும். அவ்வளவுதான் அதன் பொருள். ‘ஸ்லிப் டெஸ்ட் பலனற்றது என்பதற்கு 12.5 சதவீத வாய்ப்பு’ என்று படிப்பது தவறு. ‘87.5 சதவீதம் பலன் உண்டு’ என்பதும் தவறு. ஒரு கருதுகோள் உண்மையா என்பதன் நிகழ்தகவை பி மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையாகவே வெளியிட வேண்டி வந்தது, அந்த அளவுக்குப் பரவிய பிழை இது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசத்தை ஏற்பது என்ற எல்லையும் இயற்கை வகுத்தது இல்லை. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-ல் வசதிக்காகச் சொன்னது, வழக்கமாக நின்றுவிட்டது. 0.049 வந்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், 0.051 வந்தால் ஒடிந்துபோகவும் வேண்டாம்.

பி மதிப்பை விட எனக்குப் பிடித்தது நம்பக எல்லை, அதாவது உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எங்கு வரை இருக்கக்கூடும் என்ற வீச்சு. வித்தியாசம் 6.7, திட்டப்பிழை 4.32-ஐ, டி அட்டவணையில் இத்தனை பேருக்கு உள்ள 1.99-ஆல் பெருக்கினால் 8.6. ஆகவே 95 சதவீத எல்லை −1.9 முதல் 15.3 வரை. இதை வைத்துத் தலைமையாசிரியரிடம் என்ன சொல்லலாம்? ‘அ பிரிவு 6.7 மதிப்பெண் முன்னால் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் 2 மதிப்பெண் பின்தங்கலிலிருந்து 15 மதிப்பெண் முன்னேற்றம் வரை எங்கும் இருக்கலாம்.’ இது ‘வித்தியாசம் இல்லை’ என்பதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது பாருங்கள். 15 மதிப்பெண் முன்னேற்றம் என்றால் அது பெரிய விஷயம். அந்த வாய்ப்பை இந்தத் தேர்வு மறுக்கவில்லை. 0.05-க்கு மேல் வந்துவிட்டது என்பதற்காக ஒரு நல்ல முயற்சியைக் கைவிட்டுவிடாதீர்கள்.

எத்தனை பேர் இருந்தால் தெளிவாகத் தெரியும் என்பதற்கும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. வித்தியாசத்தை இரு பிரிவின் பொதுவான திட்ட விலக்கத்தால் வகுங்கள்: 6.7-ஐ 19.2-ஆல் வகுத்தால் 0.35. 16-ஐ இந்த 0.35-ன் வர்க்கத்தால் வகுத்தால் 130 வருகிறது. இந்த அளவு பலன் உண்மையிலேயே இருந்தால், பக்கத்துக்கு 130 பேர் வைத்துச் சோதித்தால்தான் ஐந்துக்கு நான்கு தடவை அது பிடிபடும். உங்களிடம் 40 பேர். தவறு உங்கள் முறையில் இல்லை, அளக்கும் கருவிக்கு நுணுக்கம் போதவில்லை.

இனி அந்த 10 பேர். இந்தப் பகுதியை நிதானமாகப் பாருங்கள். 25 மதிப்பெண் தேர்வில் முன்பு எடுத்தது: 8, 11, 12, 9, 15, 18, 6, 14, 20, 10. மூன்று வாரத்துக்குப் பின் அதே வரிசையில்: 11, 13, 12, 13, 16, 21, 10, 13, 22, 14. சராசரி 12.3-லிருந்து 14.5. நீங்கள் இதற்கும் வகை 3 போட்டு 0.26 வந்தது என்றும், மாலை வகுப்பால் பயனில்லையோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயனில்லை என்று முடிவு செய்யாதீர்கள், வகைதான் இங்கே மாற வேண்டும். ஒரே பிள்ளைகள் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். 6 எடுத்தவனுக்கும் 20 எடுத்தவளுக்கும் இடையே உள்ள 14 மதிப்பெண் இடைவெளி நம் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது. வகை 3 அந்த இடைவெளியையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறது.

நகர்வுகளை மட்டும் எழுதுங்கள்: 3, 2, 0, 4, 1, 3, 4, −1, 2, 4. சராசரி 2.2, திட்ட விலக்கம் 1.75. இதை 10-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.55. டி மதிப்பு 3.97. பத்துப் பேருக்கு டி அட்டவணையில் 0.05-க்கான எல்லை 2.26, நாம் அதைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டோம். எக்ஸலில் வகை 1 என்று மாற்றினால் 0.003 வரும். நம்பக எல்லை 0.95 முதல் 3.45 மதிப்பெண். அதே இருபது எண்கள்தான். யாருடைய மதிப்பெண் யாருடையது என்ற தொடர்பை வைத்துக்கொண்டால் 0.003, அதைத் தூக்கி எறிந்தால் 0.26. முன் தேர்வு, பின் தேர்வு இரண்டிலும் பெயரோ வரிசை எண்ணோ இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் சேகரித்துவிட்டு வரும் ஆய்வு மாணவர்களைப் பார்க்கும்போது, கையில் இருந்த பொருளைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார்களே என்று இருக்கும்.

இப்படிக் கொஞ்சம் பேரை வைத்து முடிவு சொல்லும் கணக்கை உருவாக்கியவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் போன்றவற்றில் சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலை அவருக்கு. 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். வகுப்பறையில் நம் நிலையும் அதேதான். ஆயிரம் பேர் நமக்குக் கிடைப்பதில்லை.

டி அட்டவணை மேல் நம்பிக்கை வரவில்லை என்றால், இந்த 10 பேருக்குக் கையாலேயே பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கே நிகழ்தகவுப் பாடத்தில் செய்து காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மாலை வகுப்பால் பலனே இல்லை என்றால், ஒவ்வொரு நகர்வும் கூட்டலாக வந்ததும் கழித்தலாக வந்ததும் நாணயம் சுண்டியது மாதிரிதான். 0-வை விட்டுவிட்டால் ஒன்பது எண்கள்: 3, 2, 4, 1, 3, 4, 1, 2, 4. குறிகளை எல்லா வழியிலும் மாற்றிப் போட 512 வழிகள். எல்லாமே கூட்டல் என்றால் மொத்தம் 24. நமக்கு வந்தது 22. 22-ம் அதற்கு மேலும் வர வேண்டுமானால் கழித்தலாகப் போகும் எண்களின் மொத்தம் 1-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மூன்றே வழிகள்: எதுவும் கழிக்காதது, முதல் 1-ஐக் கழித்தது, இரண்டாவது 1-ஐக் கழித்தது. எதிர்ப்பக்கமும் மூன்று. ஆக 512-ல் 6, அதாவது 0.012. அட்டவணையும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். டி சோதனை சொன்ன 0.003-க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கலங்க வேண்டாம். பத்துப் பேரை வைத்துக்கொண்டு மூன்றாவது தசமத்தை யாரும் நம்பக் கூடாது. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன, அது போதும்.

ஆனாலும் ‘மாலை வகுப்பால்தான்’ என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று வாரத்தில் பகல் வகுப்பும் நடந்தது. பின் தேர்வு வினாத்தாள் சற்று எளிதாக இருந்திருக்கலாம். மாலையில் தங்காத பத்துப் பேருக்கும் அதே இரண்டு தாளைக் கொடுத்திருந்தால் அவர்களுடைய நகர்வு எவ்வளவு என்று தெரிந்திருக்கும். அது 2 என்று வந்தால் மாலை வகுப்பின் பங்கு ஒன்றுமில்லை. 0 என்று வந்தால் முழுப் பங்கும் அதற்கே.

மெல்லக் கற்போர் பட்டியல் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: காலாண்டில் மிகக் குறைவாக எடுத்தவர்களைப் பொறுக்கி எடுத்துச் சிறப்பு வகுப்பு வைத்து, அரையாண்டில் உயர்ந்தார்களா என்று பார்ப்பது. பள்ளிகளில் எங்கும் நடப்பது இதுதான், எங்கும் உயர்ந்தும்விடுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு தேர்விலும் வகுப்புச் சராசரி 50, சிதறலும் சமம், இரண்டு தேர்வுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுமையாக) 0.7 என்று கொள்வோம். காலாண்டில் சராசரி 20 எடுத்த குழு, வகுப்புச் சராசரியிலிருந்து 30 கீழே. அரையாண்டில் அவர்கள் 30-ல் 0.7 பங்கு, அதாவது 21 கீழே இருப்பார்கள் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்: 29 மதிப்பெண். எந்தச் சிறப்பு வகுப்பும் இல்லாமலே 9 மதிப்பெண் ஏற்றம். அன்று காய்ச்சலோடு எழுதியவர், படிக்காத பாடத்தில் மாட்டிக்கொண்டவர் எல்லாம் அந்தக் கடைசிப் பட்டியலில் கூடுதலாக இருப்பார்கள். அடுத்த தடவை அந்தத் துரதிர்ஷ்டம் இருக்காது. ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் கண்டு சொன்னது இதையேதான். இந்தத் தானான ஏற்றத்துக்கு இணை டி சோதனை போட்டால் பி மதிப்பு மிகச் சிறியதாக வரும், எல்லாரும் கை தட்டுவோம். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த முறை நிஜமாக உதவும் என்பது மட்டும் தெரியாமலே போகும். இழப்பு அவர்களுக்குத்தான், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதே அளவு குறைந்த மதிப்பெண் எடுத்து, வேறு முறையில் உதவி பெற்ற இன்னொரு குழுவோடு ஒப்பிடுங்கள். அதுதான் வழி.

மேலிருந்து கேட்கப்படுவது பெரும்பாலும் தேர்ச்சி சதவீதம் என்பதால் அதையும் பார்ப்போம். நீங்கள் கொடுத்தபடி அ பிரிவில் 38-ல் 34 தேர்ச்சி, ஆ பிரிவில் 40-ல் 29. இது எண்ணிக்கை, ஆகவே கை வர்க்கச் சோதனை (ஆங்கிலத்தில் கை-ஸ்கொயர்; ‘கை’ என்பது கிரேக்க எழுத்து). மொத்தம் 78-ல் 15 பேர் தேர்ச்சி இல்லை. பிரிவால் வேறுபாடு இல்லை என்றால் அ பிரிவில் 7.3 பேரும் ஆ பிரிவில் 7.7 பேரும் விழுந்திருக்க வேண்டும். நடந்தது 4, 11. ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்ப்பால் வகுத்து நான்கையும் கூட்டினால் 3.61. 0.05-க்கான எல்லை 3.84. மயிரிழையில் உள்ளே நிற்கிறது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் இந்தச் சோதனை சரிப்படாது, அப்போது ஃபிஷரின் துல்லியச் சோதனை. ஆனால் என் கருத்து, தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஒரு கற்பித்தல் முறையை எடை போடவே வேண்டாம். 34 எடுத்தவரும் 5 எடுத்தவரும் ஒன்று, 35 எடுத்தவரும் 98 எடுத்தவரும் ஒன்று என்று ஆக்கிவிடுகிறது அது. 10-லிருந்து 30-க்கு ஏறிய பிள்ளையின் உழைப்பு அதில் காணாமல் போகிறது. அறிக்கைக்குக் கொடுங்கள், உங்கள் முடிவுக்கு மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சோதனைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பிரிவு இருந்தால் இரண்டிரண்டாக டி போடாமல், மூன்று சராசரிகளையும் ஒரே தடவையில் ஒப்பிடும் அனோவா. குறைந்த ஆட்கள், கோணலான பரவல், ஒன்றிரண்டு விபரீத மதிப்பெண் என்றால் தர வரிசையை வைத்துப் பார்க்கும் மான்–விட்னி. அதே நிலையில் ஒரே பிள்ளைகள் இரண்டு தடவை எழுதியது என்றால் வில்காக்சன். பிரிவுக்கு 40 பேர் இருக்கும்போது பரவல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் டி சோதனை தாங்கும்.

இன்னொன்று: சோதனைகளை அடுக்காதீர்கள். ஐந்து பாடம், ஆண், பெண், காலாண்டு, அரையாண்டு என்று 20 ஒப்பீடு போட்டால், எதிலுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும் ஒன்றிலாவது 0.05-க்குக் கீழே வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு, அவை ஒன்றையொன்று சாராதவை என்றால். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, இந்த எண்களுக்கு அடியில் இருக்கும் பெரிய சிக்கல். 78 பேர் என்று சொல்கிறோமே தவிர, ஒரு விதத்தில் நம்மிடம் இருப்பது இரண்டே வகுப்பறைகள். அ பிரிவுக்குக் காலையில் முதல் பாடவேளை கணக்கு, ஆ பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பின் என்றால், ஸ்லிப் டெஸ்டையும் பாடவேளையையும் எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சிறு வகுப்பால் பலன் உண்டா என்று பார்க்க 1985-ல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வு இதை எப்படிச் சமாளித்தது என்று பாருங்கள். 13 முதல் 17 பேர் உள்ள சிறு வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, இவற்றில் யார் எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஆசிரியர்களையும் அப்படியே பிரித்தார்கள். முதல் ஆண்டிலேயே 79 பள்ளிகள். அவ்வளவு செய்து கண்ட பலன், திட்ட விலக்கத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. கல்வியில் அதுவே மதிக்கத்தக்க பலன். உங்கள் 0.35 அதைவிடப் பெரிது, உண்மையாக இருந்தால்.

79 பள்ளி நமக்குக் கிடைக்காது. ஆனால் இரண்டு பிரிவும் உங்கள் கையிலேயே இருப்பதால், பலருக்கும் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது: முறையை மாற்றிப் போடலாம். அரையாண்டுக்கு முன் நீங்கள் நடத்தப்போகும் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், முக்கோணவியலும் அளவியலும் என்று வைப்போம். முக்கோணவியலுக்கு அ பிரிவில் ஸ்லிப் டெஸ்ட், ஆ பிரிவில் வழக்கம்போல. அளவியலுக்கு ஆ பிரிவில் ஸ்லிப் டெஸ்ட், அ பிரிவில் வழக்கம்போல. எந்தப் பிரிவு எதில் தொடங்குவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இரண்டு பிரிவுக்கும் ஒரே 25 மதிப்பெண் தேர்வு, ஒரே நாளில். விடைத்தாளில் பெயர் தெரியாதபடி மடித்து, இரண்டு பிரிவையும் கலந்து திருத்துங்கள். முடிந்தால் இன்னொரு கணக்காசிரியரிடம் கொடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் முக்கோணவியல் மதிப்பெண்ணிலிருந்து அளவியல் மதிப்பெண்ணைக் கழித்து ஒரே எண்ணாக்குங்கள். ஒரு தேர்வு மட்டும் எழுதியவரை விட்டுவிடுங்கள். இப்படி வந்த அ பிரிவுப் பட்டியலையும் ஆ பிரிவுப் பட்டியலையும் டி.டெஸ்டில் வால் 2, வகை 3 என்று போடுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை உள்ள திறமை வேறுபாட்டில் பெரும்பகுதி கழித்தலிலேயே போய்விடும், பாடவேளை, பிரிவின் தரம் இவற்றின் தாக்கமும் அநேகமாகப் போய்விடும்; எந்தப் பாடம் கடினம் என்பது இரண்டு பிரிவுக்கும் பொது. இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால் ஸ்லிப் டெஸ்டின் பலன், 25-க்கு இத்தனை மதிப்பெண் என்று நேரடியாகக் கிடைக்கும். நம்பக எல்லையின் இரு முனைகளையும் அதேபோலப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பட்டியல் தயாரானதும், வந்தவர்கள், வராதவர்கள் எண்ணிக்கையோடு அனுப்பி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.